சித்திரங்களுக்கு அசைவு தந்த கூடம்

உங்கள் நோட்டுப் புத்தகம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். வலப்பக்கத் தாள்களின் மூலையில், ஒவ்வொரு தாளுக்கும் ஒன்றாகச் சிறு வட்டங்கள் வரையுங்கள். முதல் தாளில் வட்டம் உச்சியில் இருக்கட்டும். அடுத்தடுத்த தாள்களில் அது கீழே கீழே வரட்டும். இருபது தாள்களில் வரைந்தபின் கட்டைவிரலால் அவற்றை விரைவாகப் புரட்டுங்கள். வட்டம் பந்தாகிக் கீழே விழும்.

முதலாண்டு மாணவர்களுக்கு முடுக்கம் பற்றிய பாடத்தைத் தொடங்கும்போது இந்த விளையாட்டைத்தான் நான் முதலில் செய்யச் சொல்வது வழக்கம். சூத்திரத்தைத் தடங்கலின்றி ஒப்பிக்கும் மாணவர்கூட, பந்தை எந்தத் தாளில் எந்த இடத்தில் வரைவது என்று கேட்டால் விழிக்கிறார். பெரும்பாலோர் வட்டங்களைச் சம இடைவெளியில் வரைந்துவிடுகிறார்கள். புரட்டிப் பார்த்தால் பந்து விழுவதில்லை. லிஃப்டில் இறங்குவதுபோல் நிதானமாக இறங்குகிறது! வட்டம் ஒவ்வொன்றும் அழகாகத்தான் இருக்கிறது. தவறு வட்டத்தில் இல்லை. வட்டத்திற்கும் வட்டத்திற்கும் இடையே விட்ட தூரத்தில் இருக்கிறது.

இந்த இடைவெளியைப் பற்றியே 40 ஆண்டுகளுக்கு மேல் சிந்தித்த ஒரு கலைஞர் இருந்தார். அவர் பெயர் நார்மன் மக்லாரன். அவர் பணியாற்றிய இடம் கனடா நாட்டின் தேசியத் திரைப்பட வாரியத்தைச் சேர்ந்த சித்திரப்படக் கூடம். பள்ளிக் குழந்தைகள் முதல் விண்வெளி ஆய்வாளர்கள் வரை பலரும் பார்த்துப் பயன்பெற்ற படங்கள் அங்கே உருவாயின. அந்தக் கூடத்தின் வரலாற்றைத்தான் இக்கட்டுரையில் காணப்போகிறோம்.

வினாடிக்கு 24

வரலாற்றுக்குள் நுழையுமுன் சிறிது அடிப்படைச் செய்தி. திரைப்படச் சுருளில் தனித்தனிப் படங்கள் வரிசையாக உள்ளன. ஒவ்வொன்றையும் ஃபிரேம் என்று திரைப்படத் துறையினர் கூறுவர். நாம் கட்டம் என்று அழைப்போம். பேசும் படத்தில் வினாடிக்கு 24 கட்டங்கள் விளக்கின் முன் வந்து நின்று நின்று செல்கின்றன. ஆகவே ஒரு நிமிடப் படத்திற்கு 1,440 கட்டங்கள் வேண்டும்.

நின்றுகொண்டிருக்கும் படங்கள் அசைவதாக நமக்கு ஏன் தோன்றுகிறது? விழித்திரையில் பிம்பம் சிறிது நேரம் தங்கிவிடுவதே காரணம் என்று பழைய பாடநூல்கள் கூறின. இது முழு விளக்கம் ஆகாது. பிம்பங்கள் தங்குவது மட்டுமே நடந்தால், படங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குழம்பித்தான் தெரியும். சற்றே இடம் மாறித் தோன்றும் இரண்டு உருவங்களை ஒரே பொருளின் நகர்ச்சியாக இணைத்துப் பார்ப்பது நமது மூளையின் வேலை. திரையில் அசைவு இல்லை. பார்ப்பவரிடம்தான் அது பிறக்கிறது.

சாதாரணத் திரைப்படத்தில் ஓடும் குதிரையைக் காமிரா தானே 24 துண்டுகளாக வெட்டித் தருகிறது. சித்திரப்படத்தில் குதிரையே கிடையாது. ஒவ்வொரு துண்டையும் கலைஞர்தான் வரைய வேண்டும். எவ்வளவு தூரம் தள்ளி வரைவது என்பதையும் அவரே முடிவு செய்தாக வேண்டும்.

மர அறுவை ஆலையில் பிறந்த வாரியம்

1939-ஆம் ஆண்டில் கனடா நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றித் தேசியத் திரைப்பட வாரியத்தை ஏற்படுத்தியது. பரந்த நிலப்பரப்பில் சிதறி வாழும் கனடிய மக்களுக்கு அவர்களுடைய நாட்டைப் படம் பிடித்துக் காட்டுவது அதன் நோக்கம். ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஜான் கிரியர்சன் அதன் முதல் ஆணையரானார். ஒட்டாவா நகரில் ஒரு பழைய மர அறுவை ஆலைக் கட்டடத்தில் வேலை நடந்தது. அதே ஆண்டில் இரண்டாம் உலகப் போர் மூண்டதால், போர்க்காலச் செய்திகளை மக்களிடம் கொண்டு செல்லும் பொறுப்பும் வாரியத்தின்மேல் விழுந்தது.

1942-ஆம் ஆண்டு முதல், படக்கருவியைத் தூக்கிக்கொண்டு கிராமம் கிராமமாகச் செல்லும் ஊழியர்களை வாரியம் அமர்த்தியது. திரையரங்கே இல்லாத ஊர்களில் பள்ளிக்கூட அறைகளிலும் பொதுக் கூடங்களிலும் படம் காட்டினார்கள். இந்த ஏற்பாடு பின்னாளில் சித்திரப்படங்களுக்கு நல்ல வாய்ப்பாக அமைந்தது. டிக்கெட் விற்பனையை நம்பாமலே பார்ப்பதற்கு ஆட்கள் கிடைத்தார்கள். அவர்களில் பெரும் பகுதியினர் குழந்தைகள்.

1941-இல் கிரியர்சன், தமக்கு முன்பே பழக்கமான ஓர் இளைஞரை நியூயார்க்கிலிருந்து வரவழைத்தார். அவர்தான் மக்லாரன். 1914-இல் ஸ்காட்லாந்தின் ஸ்டர்லிங் நகரில் பிறந்தவர். கிளாஸ்கோ நகரின் ஓவியப் பள்ளியில் படித்தபோதே படம் எடுக்க ஆசைப்பட்டார். ஆனால் காமிரா கிடைக்கவில்லை. பயன்படுத்திய பழைய படச்சுருளை எடுத்து, அதன்மேல் பூசியிருந்த வேதிப் பொருளைக் கழுவிவிட்டு, தெளிந்த சுருளின்மேல் நேராக வண்ணம் தீட்டிப் பார்த்தார். வசதிக் குறைவினால் பிறந்த இந்த யோசனைதான் பிற்காலத்தில் அவருக்குப் புகழ் தேடித் தந்தது.

காமிரா இல்லாத படம்

சினிமாச் சுருளில் கட்டம் எவ்வளவு பெரியது தெரியுமா? 35 மில்லிமீட்டர் சுருளில் ஒரு கட்டத்தின் அகலம் சுமார் 25 மில்லிமீட்டர். உயரம் சுமார் 19 மில்லிமீட்டர். ஒரு தபால் தலை அளவுதான். அதற்குள் பேனாவும் இந்திய மையும் கொண்டு வரைய வேண்டும். அப்படத்தைத் திரையில் பல நூறு மடங்கு பெரிதாக்கிக் காட்டும்போது, கையின் சிறு நடுக்கம்கூடப் பெருங் குலுக்கலாகத் தெரியும். மக்லாரன் அந்தக் குலுக்கலை மறைக்க முயலவில்லை. அதையே படத்தின் துள்ளலாக ஏற்றுக்கொண்டார். 1942-இல் அவர் வரைந்த "ஹென் ஹாப்" என்ற படத்தில் ஒரு கோழி ஆடுகிறது. போர்க்காலச் சேமிப்புப் பத்திரங்களை வாங்குங்கள் என்ற விளம்பரத்திற்காக எடுத்த படம் அது! ஆனால் குழந்தைகளுக்கு ஆடும் கோழிதான் நினைவில் நிற்கும்.

போரின்போது வாரியத்தின் வேலை பெருகியது. மக்லாரன் இளம் ஓவியர்களைத் தேடிச் சேர்த்தார். 1943-இல் சித்திரப்படத்திற்கென்றே ஒரு தனிப் பிரிவு உருவாயிற்று. கிராண்ட் மன்ரோ, ரெனே ஜொடுவான், ஜார்ஜ் டன்னிங், எவ்லின் லாம்பார்ட் முதலியோர் அதில் தொடக்க காலத்தில் சேர்ந்தவர்கள்.

இவர்களுள் எவ்லின் லாம்பார்ட்டைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். கனடாவின் முதல் பெண் சித்திரப்படக் கலைஞர் என்று இவரைக் கூறுவர். சிறு வயதிலிருந்தே இவருக்குக் காது மந்தம். அப்படிப்பட்டவர் 1949-இல் மக்லாரனுடன் சேர்ந்து உருவாக்கிய "பிகான் டல் கேர்" என்ற படம் முழுவதும் இசைக்கு ஏற்ப ஆடும் வண்ணங்களால் ஆனது. ஆஸ்கார் பீட்டர்சன் என்ற கறுப்பினக் கலைஞரின் பியானோ இசைக்கு, கட்டங்களின் எல்லையையே மறந்து, நீண்ட சுருளின்மேல் வண்ணங்களை ஓடவிட்டார்கள். பின்னாளில் லாம்பார்ட் தனியாகக் குழந்தைகளுக்கான படங்களை எடுத்தார். காகிதத்தில் வெட்டிய உருவங்களை நகர்த்தி நகர்த்திப் படமாக்குவது இவர் முறை. சிங்கமும் எலியும் கதையை 1976-இலும், நகரத்து எலி கிராமத்து எலி கதையை 1980-இலும் இவ்வாறு எடுத்தார். நாம் ஆரம்பப் பள்ளியில் படித்த அதே ஈசாப் கதைகள்தான்.

கண்ணால் எழுதிய ஓசை

இப்போது ஓர் அருமையான இயற்பியல் செய்திக்கு வருவோம். பேசும் படச் சுருளின் ஓரத்தில் குறுகிய ஒரு பட்டை உள்ளது. ஒலி அதில் கருமை வெண்மைக் கோலங்களாகப் பதிந்திருக்கும். ஒரு சிறு விளக்கின் ஒளி மெல்லிய பிளவின் வழியே அப்பட்டையில் பாய்கிறது. கோலத்திற்கேற்பக் கூடியும் குறைந்தும் வெளிவரும் ஒளி, ஒளிமின்கலத்தின்மேல் விழுந்து மின்னோட்டமாகிறது. மின்னோட்டம் பெருக்கப்பட்டு ஒலிபெருக்கியில் ஓசையாகிறது.

அப்படியானால் கருவியே இல்லாமல், அந்தப் பட்டையில் நாமே கோடு வரைந்தால் என்ன? மக்லாரன் இதைத்தான் செய்தார். கணக்கு மிக எளிது. வினாடிக்கு 24 கட்டங்கள் ஓடுகின்றன. ஒரு கட்டத்தின் நீளத்தில் சம இடைவெளியில் 12 கோடுகள் போட்டால், வினாடிக்கு 24 பெருக்கல் 12, அதாவது 288 அதிர்வுகள். உங்கள் ஆய்வுக்கூடத்தில் இசைக்கவைகள் அடுக்கிய பெட்டியைத் திறந்து பாருங்கள். 288 என்று பொறித்த கவை ஒன்று இருக்கும். அதைத் தட்டினால் கேட்கும் சுருதிதான் அது! 16 கோடுகள் போட்டால் 384. 20 கோடுகள் போட்டால் 480. அந்தக் கவைகளும் அதே பெட்டியில் உண்டு. கோடுகள் நெருங்க நெருங்கச் சுருதி ஏறும். பட்டையில் கோடுகள் அடைத்துக்கொள்ளும் அகலத்தை மாற்றினால் ஒலி உரக்கவோ மெல்லவோ கேட்கும்.

முதலில் கையால் வரைந்தவர், பிறகு வெவ்வேறு நெருக்கத்தில் கோடுகள் போட்ட அட்டைகளைத் தயாரித்துக்கொண்டார். அரைச் சுரத்திற்கு ஓர் அட்டை. வேண்டிய சுரத்திற்குரிய அட்டையை எடுத்து ஒலிப் பட்டையில் படம் பிடித்துவிட்டால் இசை தயார். மின்னணு இசைக் கருவிகள் பரவுவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பு நடந்த செய்தி இது. 1971-இல் எடுத்த "சிங்க்ரமி" என்ற படத்தில், ஒலிப் பட்டையில் உள்ள கோலங்களையே வண்ணமிட்டுத் திரையிலும் காட்டினார். காதால் கேட்பதையே கண்ணாலும் காணலாம். அலைகள் பாடத்திற்கு இதைவிட நல்ல படத்தை நான் அறியேன்.

இரண்டு வீடுகள், ஒரு பூ

1949-இல் மக்லாரன் யுனெஸ்கோ நிறுவனத்தின் சார்பில் சீனாவிற்குச் சென்றார். எழுதப் படிக்கத் தெரியாத கிராம மக்களுக்கு உடல்நலச் செய்திகளைப் படங்கள் மூலம் எடுத்துரைக்க, அங்குள்ள ஓவியர்களுக்குப் பயிற்சி அளித்தார். அவர் அங்கே இருந்தபோதே புரட்சிப் படைகள் அப்பகுதியைக் கைப்பற்றின. நாடு திரும்பிய சிறிது காலத்தில் கொரியாவில் போர் மூண்டது. இந்த அனுபவங்களின் விளைவே 1952-இல் வெளிவந்த "நெய்பர்ஸ்", அதாவது அண்டை வீட்டார், என்ற எட்டு நிமிடப் படம்.

அடுத்தடுத்த வீட்டில் இரு நண்பர்கள். வேலியே இல்லாத எல்லைக்கோட்டின்மேல் ஒரு பூ மலர்கிறது. இருவரும் முதலில் மகிழ்கிறார்கள். பிறகு பூ யாருக்கு என்ற சச்சரவு, வேலி, அடிதடி, இறுதியில் இருவர் வீடும் குடும்பமும் அழிந்து, இருவருமே மடிகிறார்கள். கல்லறைகளின்மேல் ஆளுக்கொரு பூ வந்து அமர்கிறது.

இப்படத்தில் ஓவியம் இல்லை. உண்மையான மனிதர்களே நடித்தார்கள். ஆனால் பொம்மைகளை நகர்த்துவதுபோல் அவர்களைச் சிறிது சிறிதாக நகரச் செய்து, கட்டம் கட்டமாகப் படம் பிடித்தார்கள். ஒரு காட்சியில் இருவரும் தரையில் கால் படாமல் காற்றில் மிதந்து செல்வர். எப்படி? நடிகர் துள்ளிக் குதிப்பார். உச்சியை அடையும் அந்தக் கணத்தில் ஒரு கட்டம் எடுக்கப்படும். சற்று நகர்ந்து மீண்டும் குதிப்பார். மீண்டும் உச்சியில் ஒரு கட்டம். மேலே எறிந்த பொருளின் திசைவேகம் உச்சியில் சுழி என்று நாம் படிக்கிறோம் அல்லவா? அந்தச் சுழிகளை மட்டும் பொறுக்கி எடுத்துக் கோத்தால் மனிதன் பறக்கிறான்! கால்கள் தரையைத் தொட்ட நேரமெல்லாம் கட்டங்களுக்கு இடையே மறைந்துவிடுகிறது.

இப்படத்திற்கு 1953-இல் ஆஸ்கார் விருது கிடைத்தது. குறும்படம் என்ற அளவில் ஆவணப்படப் பிரிவில் அப்பரிசு வந்தது ஒரு வேடிக்கை. ஆனால் மனைவி, குழந்தைகளையும் அவர்கள் தாக்கும் காட்சி மிகக் கொடியது என்று எதிர்ப்பு எழுந்ததால், அதனை வெட்டிவிட்டே பள்ளிகளுக்கும் தொலைக்காட்சிக்கும் அனுப்பினார்கள். வியட்நாம் போர்க் காலத்தில், போரின் கொடுமையை அறியாமல் இருப்பதைவிட அறிவதே நல்லது என்ற எண்ணம் வலுத்தபோது, அக்காட்சி மீண்டும் சேர்க்கப்பட்டது. 2009-இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இப்படம் இடம் பெற்றது.

1957-இல் லேசான ஒரு படம் வந்தது. ஒருவர் நாற்காலியில் உட்காரப் போகிறார், நாற்காலி நகர்ந்துவிடுகிறது. துரத்துகிறார், கெஞ்சுகிறார், பயன் இல்லை. முடிவில் அவர் குனிந்து நாற்காலியைத் தம்மேல் உட்கார வைத்தபிறகே அது அவரை உட்கார விடுகிறது. "எ சேரி டேல்" என்னும் இப்படத்திற்கு இசை அமைத்தவர் நம் நாட்டுச் சிதார் மேதை ரவிசங்கர். ஒரு வார்த்தைகூடப் பேசாத படம். எந்த நாட்டுக் குழந்தையும் சிரிக்கும், சிரித்தபின் சிந்திக்கும்.

இடைவெளியில் இருக்கிறது இயக்கம்

அசையும் ஓவியங்களைவிட, ஓவியமாக்கப்பட்ட அசைவே தம் கலை என்பது மக்லாரனின் கருத்து. ஒரு கட்டத்தில் என்ன இருக்கிறது என்பதைவிட, ஒரு கட்டத்திற்கும் அடுத்ததற்கும் இடையே என்ன நிகழ்கிறது என்பதே முக்கியம் என்று அவர் கருதினார். இயற்பியல் படிப்பவர்களுக்கு இது புதிதல்ல. அடுத்தடுத்த இரு கட்டங்களில் பொருளின் இடங்களுக்கு உள்ள வேறுபாடு திசைவேகத்தைக் குறிக்கிறது. அந்த வேறுபாடுகளுக்குள் உள்ள வேறுபாடு முடுக்கத்தைக் குறிக்கிறது.

தொடக்கத்தில் கண்ட பந்தை இப்போது கணக்கிடுவோம். ஓய்வு நிலையிலிருந்து விழும் பொருள், ஒரு கட்டத்திற்குரிய நேரத்தில், அதாவது வினாடியின் 24-இல் ஒரு பங்கில், ஏறத்தாழ 0.85 சென்டிமீட்டர் விழும். இரண்டு கட்ட நேரத்தில் 3.4; மூன்றில் 7.7, நான்கில் 13.6 சென்டிமீட்டர். இடைவெளிகளைப் பாருங்கள்: 1, 3, 5, 7 என்ற விகிதத்தில் கூடிக்கொண்டே போகின்றன. கலீலியோ சாய்தளத்தில் உருண்டைகளை உருட்டிக் கண்ட ஒற்றைப்படை எண்களின் விதி இதுதான். அவர் இயற்கையிலிருந்து விதியைக் கண்டார். சித்திரப்படக் கலைஞர் அதே விதியிலிருந்து, இல்லாத பந்தை விழச் செய்கிறார்.

1976 முதல் 1978 வரை மக்லாரனும் மன்ரோவும் சேர்ந்து ஐந்து பகுதிகளாக ஒரு பாடப்படம் எடுத்தார்கள். சீரான வேகம், முடுக்கம், எதிர்முடுக்கம், அசைவின்மை, ஒழுங்கற்ற அசைவு ஆகியவற்றை எளிய வட்டங்களின் நகர்ச்சியால் விளக்குகிறது அது. இளம் கலைஞர்களுக்காக எடுத்ததாயினும் இயக்கவியல் வகுப்பிற்கும் அப்படியே பொருந்தும்.

1968-இல் வந்த "பா த டூ" என்ற நடனப் படத்தில் இந்தச் சிந்தனை இன்னொரு வடிவம் கொண்டது. ஓர் ஆணும் பெண்ணும் ஆடுவதைப் படம் பிடித்து, அதே படத்தைச் சில கட்டங்கள் தள்ளித் தள்ளி மீண்டும் மீண்டும் அதே சுருளில் பதித்தார்கள். ஒரே கட்டத்தில் பதினொரு நிலைகள் வரை தெரிகின்றன. கை உயரும்போது அது கடந்து வந்த பாதை முழுவதும் விசிறிபோல் விரிகிறது. இறந்த காலம் சற்று நேரம் உடன் வருகிறது.

மணல், மணி, ஊசி

1956-இல் வாரியம் மாண்ட்ரீல் நகருக்கு இடம் பெயர்ந்தது. 1966-இல் ரெனே ஜொடுவான் பிரெஞ்சு மொழிக் கலைஞர்களுக்கெனத் தனிச் சித்திரப்படக் கூடத்தை நிறுவினார். அவ்வாண்டில் அவர் எடுத்த "முக்கோணம் பற்றிய குறிப்புகள்" என்ற படத்தில், ஒரு சமபக்க முக்கோணம் இசைக்கேற்பப் பிரிந்தும் கூடியும் வடிவியல் நடனம் ஆடுகிறது. இதற்கும் முன்பே, 1956-இல், மக்லாரனும் லாம்பார்ட்டும் "ரித்மெட்டிக்" என்ற படத்தில் எண்களைக் குறும்புக்காரக் குழந்தைகளாக்கிக் கணக்குப் போட வைத்திருந்தார்கள்.

எழுபதுகளில் பல நாடுகளிலிருந்தும் கலைஞர்கள் இங்கு வந்தார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு பொருள். அமெரிக்காவிலிருந்து வந்த கரோலின் லீஃப், அடியில் விளக்கு எரியும் கண்ணாடியின்மேல் மணலைப் பரப்பி விரலால் உருவங்கள் செய்தார். ஒரு கட்டம் எடுத்தபின் அதே மணலைக் கலைத்துத்தான் அடுத்த உருவம் செய்ய வேண்டும். முந்தைய படம் திரும்ப வராது. தவறினால் திருத்த வழியில்லை. ஜாக் ட்ரூவான் பயன்படுத்திய ஊசித் திரையில் 2,40,000 ஊசிகள் இருந்தன. பக்கவாட்டில் விளக்கு வைத்தால், வெளியே நீண்டிருக்கும் ஊசிகள் நீண்ட நிழல் தந்து கருமையாகும். உள்ளே அழுத்திய இடம் வெண்மையாகும். நிழலையே மையாகக் கொண்ட ஓவியம் அது. 1976-இல் அவர் எடுத்த "மனக்காட்சி" என்ற படம் இம்முறையில் அமைந்தது.

இவர்களிடையே இந்தியர் ஒருவரும் இருந்தார் என்பது நாம் பெருமை கொள்ளத்தக்கது. குஜராத்தில் பிறந்து, அகமதாபாத்திலுள்ள தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் பயின்ற ஈசு பட்டேல் அவர். கனடாவின் வடகோடியில் வாழும் இன்யூட் பெண்கள் மணிகளைக் கோத்துச் செய்யும் கைவேலையால் கவரப்பட்டார். ஆயிரக்கணக்கான சிறு மணிகளைக் கரும்பரப்பில் அடுக்கி 1977-இல் "மணி விளையாட்டு" என்ற படத்தை எடுத்தார். ஒற்றை மணியிலிருந்து உயிரினங்கள் தோன்றி, ஒன்றை ஒன்று விழுங்கி வளர்ந்து, மனிதனாகி, அவன் ஆயுதம் கல்லிலிருந்து அணுகுண்டு வரை வளர்வதைக் காண்கிறோம். ஆஸ்கார் பரிசுக்கு இப்படம் பரிந்துரைக்கப்பட்டது.

அதே ஆண்டில் கோ ஹூடெமான் என்பவர் எடுத்த "மணற்கோட்டை" ஆஸ்கார் பரிசையே பெற்றது. மணலால் ஆன விசித்திரப் பிராணிகள் கூடி உழைத்து ஒரு கோட்டை கட்டுகின்றன. கட்டி முடித்துக் கொண்டாடும் வேளையில் காற்று எழுந்து மூடிவிடுகிறது. 1979-ஆம் ஆண்டு அனைத்துலகக் குழந்தைகள் ஆண்டாகக் கொண்டாடப்பட்டது. அதற்காக யூஜின் ஃபெடரெங்கோ எடுத்த "ஒவ்வொரு குழந்தையும்" என்ற படம், பெயரும் நாடும் பெறுவது குழந்தையின் உரிமை என்ற ஐக்கிய நாடுகள் அவையின் பிரகடனத்தை விளக்குகிறது. வாசற்படியில் விடப்பட்ட ஒரு குழந்தையை எவரும் ஏற்காமல் வீடு வீடாகத் தள்ளிவிடுகிறார்கள். கடைசியில் அதை அன்போடு எடுத்துக்கொள்பவர்கள் வீடே இல்லாத இருவர்.

இடைப்படங்களை வரைந்த கணிப்பொறி

பெரிய வணிகக் கூடங்களில் தலைமை ஓவியர் ஓர் அசைவின் முக்கிய நிலைகளை மட்டும் வரைவார். இடையில் வரும் படங்களை உதவியாளர்கள் நிரப்புவார்கள். 1969-இல் கலிபோர்னியாவில் நடந்த ஒரு மாநாட்டில் டிஸ்னி கலைஞர்கள் இம்முறையை விளக்கினார்கள். கேட்டுக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் நெஸ்டர் பர்ட்னிக். ஒட்டாவாவில் கனடா தேசிய ஆராய்ச்சி மன்றத்தில் பணியாற்றிய விஞ்ஞானி. உதவியாளரின் வேலையைக் கணிப்பொறியால் செய்ய முடியுமே என்று அவருக்குத் தோன்றியது. மார்செலி வைன் என்ற இயற்பியலாளருடன் சேர்ந்து அதற்கான முறையை உருவாக்கினார்.

அடிப்படைக் கருத்து நமக்குத் தெரிந்ததுதான். ஒரு கோட்டின் முனை முதற்படத்தில் ஓர் இடத்திலும் கடைசிப் படத்தில் வேறோர் இடத்திலும் இருக்கிறது. இடைப்பட்ட நேரத்தில் அது எங்கெங்கே இருக்க வேண்டும் என்பதைக் கணக்கிட்டு நிரப்புவதே கணிப்பொறியின் வேலை. எல்லாவற்றையும் சமமாகப் பங்கிட்டால் என் மாணவர்களின் பந்து போலத்தான் நகரும்! எனவே எங்கே மெதுவாக, எங்கே விரைவாக என்பதைக் கலைஞர்தான் சொல்லித் தர வேண்டும்.

வாரியம் பீட்டர் ஃபோல்டெஸ் என்ற கலைஞரை இவ்விஞ்ஞானிகளிடம் அனுப்பியது. 1974-இல் "பசி" என்ற படம் பிறந்தது. ஒரு மனிதன் தின்கிறான், மேலும் தின்கிறான்; வாய்கள் பெருகுகின்றன; உருவம் ஊதுகிறது. இறுதியில் உலகின் பசித்தவர்கள் அவனைச் சூழ்ந்து அவனையே உண்கிறார்கள். ஓர் உருவம் வேறோர் உருவமாக உருகி மாறுவது கணிப்பொறிக்கு இயல்பாக வந்த திறமை. பேராசையைக் காட்ட அதுவே பொருத்தமாயிற்று. இப்படம் கான் திரைப்பட விழாவில் நடுவர் பரிசு பெற்றது. ஆஸ்கார் பரிசுக்குப் பரிந்துரைக்கப்பட்ட முதல் கணிப்பொறிச் சித்திரப்படமும் இதுவே. பர்ட்னிக், வைன் இருவரின் பணியை அமெரிக்கத் திரைப்படக் கழகம் 1997-இல் தொழில்நுட்ப விருதளித்துப் பாராட்டியது.

அறிவியலுக்கும் இக்கூடத்தினர் செய்த தொண்டு சிறிதன்று. ரோமன் குரோய்ட்டர், காலின் லோ இருவரும் 1960-இல் எடுத்த "பேரண்டம்" என்ற படம் வானியல் பேருண்மைகளை மாதிரி உருவங்களாலும் சித்திரங்களாலும் காட்டியது. "2001: எ ஸ்பேஸ் ஒடிசி" படத்தை எடுத்த ஸ்டான்லி குப்ரிக் இதைக் கண்டு வியந்தார், இதில் விளக்கவுரை பேசிய டக்ளஸ் ரெயினின் குரலையே தம் படத்தில் வரும் கணிப்பொறிக்குப் பயன்படுத்தினார். 1968-இல் ஈவா சாஸ் வரைந்த "காஸ்மிக் ஸூம்" என்ற படம், ஒட்டாவா ஆற்றில் படகு வலிக்கும் சிறுவனிடமிருந்து விலகி விலகிப் பேரண்டத்தின் விளிம்புவரை செல்கிறது. பிறகு திரும்பி வந்து, அவன் கையில் அமர்ந்த கொசுவின் வழியே அணுக்கருவுக்குள் நுழைகிறது. எட்டே நிமிடங்களில், ஒரு சொல்கூட இல்லாமல், அளவுகளின் பாடம் முடிந்துவிடுகிறது.

எதனால் முடிந்தது?

இத்தனையும் ஓரிடத்தில் நிகழக் காரணம் என்ன? திறமை மட்டும் என்று சொல்ல இயலாது. திறமைசாலிகள் எல்லா நாட்டிலும் உண்டு. இங்கே கலைஞர்களுக்கு மாதச் சம்பளம் கிடைத்தது. படம் எவ்வளவு வசூல் தரும் என்று யாரும் கேட்கவில்லை. ஒரு முறை பலிக்காவிட்டால் வேறு முறையில் முயல நேரம் இருந்தது. செலவழித்தது வரிப்பணம், ஆகவே படம் பொதுமக்களுக்குப் பயன்பட வேண்டும் என்ற பொறுப்பும் இருந்தது. சுதந்திரம், பொறுப்பு இரண்டும் சேர்ந்தே இருந்தன.

இந்த நிலை என்றும் எளிதாக நீடிக்கவில்லை. 1990-களில் அரசின் மானியம் பெருமளவு குறைக்கப்பட்டது. 2012-இலும் மீண்டும் வெட்டு விழுந்தது. சோதனைப் படங்களுக்கு மக்கள் பணம் எதற்கு என்ற கேள்வி அவ்வப்போது எழுகிறது. அது நியாயமான கேள்விதான். ஆனால் விடையை ஓராண்டு வரவு செலவில் தேட முடியாது. 1974-இல் ஒரு பதினொரு நிமிடப் படத்திற்காகச் சோதித்துப் பார்த்த இடைப்பட முறை, இன்று உலகெங்கும் கணிப்பொறியில் உருவாகும் சித்திரப்படங்களின் அடிப்படைகளில் ஒன்றாக இருக்கிறது. அன்று யாரும் அதற்கு விலை மதிப்பிட்டிருக்க முடியாது.

மக்லாரன் 1987-இல் காலமானார். கூடம் தொடர்ந்தது. 2004-இல் கிறிஸ் லாண்ட்ரெத் எடுத்த "ரயன்", 2006-இல் தோரில் கோவே எடுத்த "டென்மார்க் கவிஞன்" ஆகிய படங்கள் ஆஸ்கார் பரிசு பெற்றன. 2009 முதல் வாரியம் தன் படங்களில் பலவற்றை இணையத்தில் இலவசமாகக் காணத் திறந்துவிட்டது. இங்கே குறிப்பிட்ட படங்களில் பெரும்பாலானவற்றிற்கு மொழி தேவையில்லை என்பதால், தமிழ்வழியில் படிக்கும் மாணவருக்கும் அவற்றைப் பார்க்கத் தடை ஒன்றுமில்லை.

அதற்குமுன் அந்த நோட்டுப் புத்தகத்தை மறுபடி எடுங்கள். இம்முறை வட்டங்களின் இடைவெளியை 1, 3, 5, 7 என்று கூட்டிக்கொண்டே போங்கள். சிறிய தாளாயின் முதல் இடைவெளி ஒரு மில்லிமீட்டராக இருக்கட்டும். ஏழெட்டுத் தாள்களிலேயே தாளின் அடியை எட்டிவிடுவீர்கள். பிறகு அதே இடைவெளிகளைத் தலைகீழ் வரிசையில் வைத்து வட்டத்தை மேலே கொண்டுவாருங்கள். புரட்டுங்கள்.

பந்து விழுந்து, துள்ளி எழுந்தால், முடுக்கம் உங்களுக்குப் புரிந்துவிட்டது என்று பொருள்.